ஞானஜோதி இருக்கும் இடம்

மவுஸைத் தொடுவதற்கு முன் லாசரஸ் வலது உள்ளங்கையை லுங்கியில் துடைத்துக்கொள்வார். பிறகு, நடுங்கும் அந்த மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொள்வார். அம்புக்குறி திரையில் தடுமாறி அலைந்து, மஞ்சள் ஃபோல்டர் ஒன்றின்மேல் வந்து நிற்கும். அதன் பெயர் ஞானஜோதி. அதன்மேல் விரலை அழுத்துவார், எடுக்கமாட்டார். கை நடுங்க நடுங்க ஃபோல்டரும் கூடவே நகர்ந்து, பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்து காணாமல் போகும்.

"வெண்ணிலாம்மா, மறுபடியும் லைன் மாறிடுச்சும்மா!"

கல்யாணப் பத்திரிகைகளுக்குக் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்துக் கொடுக்கும் வெண்ணிலா மாடியில் குடியிருக்கிறாள். அடுப்பைத் தணித்துவிட்டு இறங்கி வருவாள். தாம்பரம் ரயில்வே யார்டில் ஷன்டிங் பார்த்து ரிட்டயரானவர் லாசரஸ்; கம்ப்யூட்டரும் அவருக்குத் தண்டவாளம்தான்.

"எங்க போயிருக்காங்க பாருங்க அங்கிள். கரண்ட் பில்லுக்குள்ள."

"போவா, போவா. ஃபேனை நிறுத்து, லைட்டை நிறுத்துன்னு அவளுக்கு அதே கவலைதானே."

சிரிப்பார். ஆனால் ஃபோல்டர் பழைய இடத்துக்கு வரும்வரை கண் இமைக்கமாட்டார்.

ஞானஜோதி அவர் மனைவி. சர்ச் கொயரில் பாடியவர். லீவில் வந்திருந்த மகன் டெனிஸ், ஒருநாள் அம்மாவைச் சமையலறையிலிருந்து இழுத்துவந்து உட்காரவைத்து, ஹெட்செட்டை மாட்டிவிட்டுச் சில பாட்டுகளைப் பதிவு செய்தான். அடுத்த ஈஸ்டருக்கு அவர் இல்லை. அடக்கத்துக்கு வந்த டெனிஸ், அப்பா சத்தமாகக் கேட்கட்டும் என்று இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை வாங்கி மானிட்டரின் இருபுறமும் வைத்துவிட்டு, ஹெட்செட்டோடு மஸ்கட்டுக்குத் திரும்பினான். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை, அந்த ஒரு ஃபோல்டரைத் தவிர.

"சட்டுனு ரெண்டு தட்டு தட்டிட்டு விரலை எடுத்துடணும் அங்கிள். புடிச்சிக்கினே இருந்தா அது கூடவே வரும்."

"சரிம்மா" என்பார். மறுநாளும் பிடித்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் எந்த ஃபோல்டருக்குள்ளும் அது இல்லை. வெண்ணிலா தேடத் தேட, நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு நின்றார் அவர். கடைசியில் ரீசைக்கிள் பின்னில் கிடந்தது.

"குப்பையிலயா?" என்றார். வெண்ணிலா அதை மீட்டுப் பழைய இடத்தில் வைத்தபிறகுதான் உட்கார்ந்தார்.

"சிடில ஒரு காப்பி போட்டுத் தரேன் அங்கிள். இது போனாலும் அது இருக்கும்."

"ரெண்டு ஞானஜோதி எதுக்கும்மா?"

"சரி, பாட்டெல்லாம் ஒழுங்கா இருக்கான்னாவது திறந்து பாத்துடறேன்." அவள் மவுஸை எடுத்தாள்.

"வேணாம்மா." இவ்வளவு அவசரமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. "இருக்கா இல்ல? அது போதும்."

பின்னால் தனியாகக் கேட்டுக்கொள்வார் என்று நினைத்தாள். மாடிக்கு ஒருநாளும் பாட்டுச் சத்தம் வந்ததில்லை. ஸ்பீக்கரைக் குறைத்து வைத்திருப்பார். அதுவும் அவர் சுபாவம்தான்.

டிசம்பரில் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். லாசரஸ் சர்ச்சுக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டர் மேஜையை நகர்த்த வேண்டுமென்று வெண்ணிலாவைக் கூப்பிட்டார்கள். அவள் ஒவ்வொரு ஒயராகக் கழற்றினாள். ஸ்பீக்கர் ஒயரைத் தேடினாள். மேஜைக்குப் பின்னால், கடையில் சுற்றிக் கொடுத்த சுருள் அப்படியே கிடந்தது. நடுவில் போட்ட கட்டுக்கம்பியை யாரும் அவிழ்த்திருக்கவில்லை. கம்ப்யூட்டரில் செருகும் பின்னின் முனையில் பிளாஸ்டிக் உறைகூட இருந்தது.

சாயங்காலம், சுவர் காய்ந்தபிறகு, எல்லா ஒயர்களையும் திரும்ப அதனதன் இடத்தில் செருகினாள். அந்தச் சுருளின்மேல் படிந்திருந்த சுண்ணாம்புத் தூளை மட்டும் முந்தானையால் துடைத்து, கட்டு அவிழாமல், இருந்த இடத்திலேயே வைத்தாள்.