டைல்ஸ் கடையில் லென்ஸ்

என் வீட்டுக்காரர் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிறவர். கூடத்துக்கு டைல்ஸ் எடுக்க விருதுநகருக்குப் போனால், அச்சுப் புள்ளி பார்க்கும் லென்ஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு கடைத் தரையில் மண்டி போட்டுவிட்டார். டைல்ஸில் இருப்பதும் அச்சுதானாம்.

“இந்தப் பூவுல சிவப்பு விலகியிருக்கு. வேற காட்டுங்க.”

மூன்றாவது கடையிலும் இதே கூத்து. “அண்ணாச்சி, இதை மிதிக்கத்தான போறீக?” என்றார் கடைக்காரர். எனக்கு மானமே போனது.

கடைசியில் பூவும் வேண்டாம், கொடியும் வேண்டாம் என்று வெறும் வெள்ளையைப் போட்டோம். அந்தக் கூடத்துச் சுவரில் அவர் அச்சடித்த காலண்டர் தொங்குகிறது. அதில் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் இருக்கிறது. கேட்டால், “தள்ளி நின்னு பாரு, தெரியாது” என்கிறார்.