பதினொரு மணி வரை இறங்கலாம்

நகரத்திலிருந்து நாற்பது நிமிடம் ஓடி, கடற்கரையில் பேருந்து திரும்புகிற இடத்தில் இருந்தது அந்தக் கைட் பள்ளி. பெரிய பட்டத்தை வானத்தில் ஏற்றி, அதன் கயிறுகளை இடுப்பில் மாட்டி, காலடியில் ஒரு சறுக்குப் பலகையோடு தண்ணீர் மேல் பறக்கிற விளையாட்டு. அங்கே வேலை பார்த்த அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் காத்தக்கா.

வேலைக்குச் சேர்ந்தது துணி துவைக்க. வாடிக்கையாளர்கள் கழற்றிப் போடும் ரப்பர் உடைகளை உப்புப் போக அலசி, உள்பக்கம் வெளியே திருப்பிக் கம்பியில் தொங்கவிட வேண்டும். துவைக்கிற தொட்டி கடலைப் பார்த்தபடி இருந்தது. கை பாட்டுக்கு அலசும், கண் பாட்டுக்குத் தண்ணீரைப் பார்க்கும். இப்படி இரண்டு வருடம் பார்த்ததில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. கடல் ஏறி வற்றுகிற நேரத்தைக் காட்ட சுவரில் ஒட்டியிருந்த ஓத அட்டவணை ஒரு நேரம் சொல்லும், தண்ணீர் வேறொரு நேரத்துக்கு வரும். கடலிலிருந்து காற்று நேரே கரைக்கு அடிக்கிற நாட்களில் இருபது நிமிடம் முன்னாலேயே ஏறிவிடும். ஒருநாள் முதலாளியிடம் இதைச் சொன்னாள். அவர் சிரித்தார். மூன்று முறை அவள் சொன்னபடியே ஆனதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, வாசலில் இருந்த கரும்பலகையையும் சுண்ணக்கட்டிப் பெட்டியையும் அவளிடம் ஒப்படைத்தார்.

அதன்பின் ஒன்பது வருடம், தினமும் காலை ஏழு மணிக்குப் பலகையில் அவள் கையெழுத்துதான். காற்று எந்தப் பக்கம், எத்தனை வேகம், தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும், யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது. இறங்கலாம் என்றால் பச்சை, கவனம் என்றால் மஞ்சள், கூடாது என்றால் சிவப்பு. எழுதி முடித்துப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவாள். அவள் ஒருநாளும் கடலில் இறங்கியதில்லை. நீச்சலும் தெரியாது. "சமையல்காரருக்குப் பசிச்சா தான் சமைக்கணுமா என்ன?" என்று சொல்லி, கேட்டவர்களின் வாயை அடைத்துவிடுவாள்.

அந்தக் கரைக்கு இரண்டு முகம். தண்ணீர் வற்றினால் அரை கிலோமீட்டருக்கு மணல், தட்டில் பரப்பிய மாவு மாதிரி சமமாகக் கிடக்கும். எங்கே விழுந்தாலும் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்துகொள்ளலாம். ஏறினால், அத்தனை மணலும் போய், கார் நிறுத்தத்தின் கான்கிரீட் சுவருக்கு முன்னால் பத்தடி அகலத்துக்கு ஒரு துண்டுதான் மிஞ்சும். அந்த நேரத்தில் காற்று நேரே கரைக்கு அடித்தால், பட்டம் ஆளைச் சுவரை நோக்கித்தான் இழுக்கும். அதனால் அவள் ஒரு விதி வைத்திருந்தாள். நேர் காற்றின் வேகம் இருபது நாட், அதாவது மணிக்கு முப்பத்தேழு கிலோமீட்டரைத் தாண்டினால், தண்ணீர் முழுதாக ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எல்லோரும் கரையேறிவிட வேண்டும். எவ்வளவு கெஞ்சினாலும் பேச்சுக்கு இடமில்லை.

தம்பியை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். எந்த வேலையிலும் ஆறு மாதம் நிற்காதவன், கைட் கயிற்றைப் பிடித்ததும் நிலைத்துவிட்டான். நாலே வருடத்தில் தலைமைப் பயிற்சியாளன். கல்யாணம், இரண்டு குழந்தைகள். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வந்து, அக்காவோடு இருந்த அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான். வந்ததும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, "அக்கா, இது நேர் காத்தா, சாய்வா? நான் உக்காரலாமா?" என்பான். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

சனிக்கிழமைகளில் வருபவர்களில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். நாற்பதை நெருங்குகிறவர், தனியாள், சொந்தக் கைட். வந்ததும் பிளாஸ்கிலிருந்து இரண்டு கோப்பை தேநீர் ஊற்றுவார், ஒன்று காத்தக்காவுக்கு. பலகை கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். இருந்தாலும், "இன்னைக்குப் போலாமாக்கா?" என்று வாயால் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

அந்தச் சனிக்கிழமை தண்ணீர் முழுதாக ஏறும் நேரம் பதினொன்றே முக்கால். காற்று நேராக அடித்தது, இருபத்திரண்டு நாட், இடையிடையே முப்பதைத் தொட்டு உதறியது. ஒன்பதே முக்காலுக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது என்று சிவப்பில் எழுதினாள். போன் உள்ளே சார்ஜில் கிடந்ததால் படம் இன்னும் எடுத்து அனுப்பவில்லை. ஒரு பெரிய கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேர் எட்டு மணிக்கு வருவதாக இருந்தது. அவர்கள் வேன் வந்து நின்றது ஒன்பதரைக்கு.

முதலாளி வேகமாக வந்தார். "அக்கா, அந்தச் சிவப்பை அழிச்சிடுங்க. பதினொண்ணு வரைக்கும் இறங்கலாம்னு மஞ்சள்ல எழுதுங்க."

"முடியாது சார். பத்தரைக்கே மணல் போயிடும்."

"புதுசா வந்தவங்க. முட்டளவு தண்ணியிலதான் நிக்கப் போறாங்க. ஆளுக்கு ஒருத்தர் பிடிச்சுக்குவாங்க."

"அவங்க நிப்பாங்க சார். பலகையை மத்தவங்களும்தானே பாக்கறாங்க?"

"அதுக்குத்தான் சொல்றேன். சிவப்பு எழுதி வச்சுக்கிட்டு நாமளே ஆளை இறக்கினா, பாக்கறவன் என்ன நினைப்பான்?"

அவள் தம்பியைத் தேடினாள். அவன் மண்டியிட்டுக் கைட்டுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். "நீ சொல்லேன்டா" என்றாள். அவன் நிமிரவில்லை. "ஒரு மணி நேரம்தானேக்கா. எழுதிடு. நான் பாத்துக்கறேன்."

யார் சொல்லியிருந்தாலும் எழுதியிருக்க மாட்டாள். தம்பி சொன்னான். அழிக்கும் துணி கையில் அகப்படவில்லை, சேலைத் தலைப்பால் துடைத்தாள். பதினொரு மணி வரை இறங்கலாம், கவனம் என்று மஞ்சளில் எழுதிப் படமும் அனுப்பினாள்.

பத்து மணிக்கு டீச்சர் வந்தார். தேநீர் ஊற்றிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார். "இன்னைக்குப் போலாமாக்கா? காத்து உதறுதே."

பன்னிரண்டு பேரும் அப்போது தண்ணீரில் நின்றார்கள். முதலாளி நாலு எட்டுத் தள்ளி யாருக்கோ கைகொடுத்துக்கொண்டிருந்தார். காத்தக்கா டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பலகையில போட்டிருக்கே டீச்சர்."

அந்த மூன்று சொல்தான். பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். அவள் மனசு மட்டும் அதை விட்டு நகரவே இல்லை.

பத்தே முக்காலுக்குத் தம்பி தன் ஆட்களைக் கரையேற்றிவிட்டான். டீச்சரும் காற்று மோசமாவதை உணர்ந்து திரும்பினார். மணல் துண்டில் கால் வைத்து, பட்டத்தைப் பிடித்து இறக்க ஆள் வேண்டும் என்று கையைத் தூக்கிக் காட்டினார். யாரும் ஓடிவருவதற்குள் ஒரு உதறல் காற்று வந்தது. ஆளை அப்படியே தூக்கியது. பட்டத்தைக் கழற்றிவிடும் சிவப்புப் பிடியை அவர் இழுத்தார்தான். இழுத்தபோது சுவர் வந்துவிட்டது.

உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

கடற்கரை நிர்வாகம் விசாரணை வைத்தது. ஒரு நீள மேஜை, மூன்று அதிகாரிகள், சுவரில் நின்றுபோன கடிகாரம். முதலாளி மஞ்சள் எழுத்துப் படத்தை மேஜையில் வைத்தார். "பலகை முழுக்க அந்த அம்மா பொறுப்பு. ஒன்பது வருஷமா அவங்க எழுதறதுதான். நாங்க தலையிடறதில்ல."

அழித்து எழுதச் சொன்னது அவர்தான் என்று காத்தக்கா சொன்னாள். அதிகாரி தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் தரையைப் பார்த்துப் பேசினான்.

"அக்காதான் எழுதுவாங்க. அன்னைக்கு யாரும் மாத்தச் சொன்னதா எனக்குத் தெரியாது. நான் கைட்டைத் தயார் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

எழுத்து அவளுடையது. படம் அவள் போனிலிருந்து போனது. சிவப்பில் எழுதியதை யாரும் படம் எடுத்திருக்கவில்லை. தொழிலறிவு இல்லாத ஒருவரிடம் பொறுப்பை விட்டதற்காகப் பள்ளிக்கு எச்சரிக்கை. அவளுக்கு வேலை போனது. தம்பி பள்ளியின் மேலாளர் ஆனான்.

அடுத்த ஞாயிறு அவன் தனியாக வந்தான். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வாசல்படியைத் தாண்டாமலே நின்று, "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குக்கா" என்றான்.

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்."

"உனக்கு வேற வேலை கிடைச்சிடும். எனக்கு லைசென்ஸ் போனா எங்கயும் கைட்டைத் தொட விட மாட்டாங்க. நீ புரிஞ்சுக்குவேன்னு நினைச்சேன்."

"புரிஞ்சுதுடா. அதனாலதான் கதவைத் திறந்தேன். போ."

மூன்று மாதம் கழித்து டீச்சரைப் பார்க்கப் போனாள். இரண்டாம் மாடியில் இருந்தவர் தரைத்தளத்துக்கு வீடு மாறியிருந்தார். மேஜைக்குக் கீழே நாற்காலிகள் இல்லை, சக்கர நாற்காலி திரும்புவதற்காக எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார்கள். காத்தக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பு, மஞ்சள், முதலாளி, தம்பி, ஒன்றையும் விடவில்லை. டீச்சர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நம்பறேன்" என்றார் கடைசியில். "அந்த ஆள் அப்படிச் செய்யக்கூடியவர்தான்."

காத்தக்கா கும்பிடக் கையைத் தூக்கினாள்.

"ஆனா நான் பலகையைக் கேக்கலியேக்கா. உங்களைத்தானே கேட்டேன்? நீங்க வேண்டாம்னு தலையை ஆட்டியிருந்தா போதும். வாயைக்கூடத் திறக்க வேணாம்."

டீச்சர் சக்கரத்தைத் திருப்பி, திருத்த வேண்டிய விடைத்தாள்களின் பக்கம் போய்விட்டார். கதவை அவளே சாத்திக்கொண்டு வந்தாள்.

இப்போது ஆஸ்பத்திரி ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பிரிவில் இருக்கிறாள். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. இயந்திரங்களின் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அது அவளுக்குச் சௌகரியமாக இருக்கிறது. அங்கே அவளைக் காத்தக்கா என்று கூப்பிடுகிறவர் இல்லை. அட்டையில் உள்ள எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

நடந்தது அம்மாவுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஏதோ மனஸ்தாபம் என்ற மட்டில் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுக்கு வருவதில்லை. காத்தக்கா அம்மாவைப் பேருந்து நிறுத்தம் வரை கூட்டிப்போவாள். அவன் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கி வருவான். அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். "ஒரு வயித்துல பொறந்ததுங்க பேசிக்கிட்டா என்ன, வாய் தேஞ்சா போயிடும்?" என்று முனகுவாள். அவன் பையை வாங்கிக்கொள்வான்.

"மாத்திரை உள்ள இருக்கா?"

"இருக்கு."

"சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடறேன்."

அவள் திரும்பி நடப்பாள். ஆறு மணிக்கு அங்கே வந்து நிற்பாள்.