நகராத புள்ளி

கிளாம்பாக்கத்தில் காலை ஐந்து மணிக்குத் திருச்சி பஸ்ஸில் ஏறி, ஒன்பது மணிவாக்கில் வேப்பூரில் இறங்கினேன். ரோட்டோரக் கடையில் இட்லியும் பதினைந்து ரூபாய் டீயும். விருத்தாசலம் அங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

என் வேலை காமா கேமராக்களைச் சோதிப்பது. கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஊசி வழியாக உடம்புக்குள் செலுத்தி, அது எங்கே தங்குகிறது என்று வெளியிலிருந்து படம் பிடிக்கும் இயந்திரம் அது. அதன் பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போட வேண்டும். பல இடங்களில் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையெழுத்தை மட்டும் கேட்பார்கள். என்னிடம் அது நடக்காது.

பீங்கான் பொம்மைகளை வைக்கோல் வைத்து அடுக்கிய வேன் ஒன்று முன்னால் உருள, பஸ் ஸ்டாண்டில் நான் பிடித்த ஆட்டோ அதன் பின்னாலேயே ஊர்ந்தது. ஸ்கேன் சென்டர் பெயரைச் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “ஒங்களுக்கும் கழுத்துலயா மேடம்?” என்றார். மிஷினைப் பார்க்க வந்தேன் என்றேன். “அதுக்கும் ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டு, அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மணி பத்தரை. சென்டரின் சொந்தக்காரரான டாக்டர் காபியோடு வரவேற்றார். உள்ளே ஒரு பெண்ணுக்கு அதற்குள் ஊசி போட்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தினமும் காலையில் கேமராவைச் சோதித்த பிறகுதான் முதல் ஊசியே போட வேண்டும். அந்தத் தினசரிச் சோதனையை இரண்டு மாதமாகச் செய்யவில்லை என்று டெக்னீஷியன் ராஜி மெல்லச் சொன்னாள்.

ஊசி போட்டிருந்தவர் பெயர் அஞ்சலை. நாற்பது வயது இருக்கும். பீங்கான் பொம்மைகளுக்குச் சாயம் பூசும் வேலை. அவரை வராண்டாவின் கடைசியில் உட்காரச் சொன்னேன்.

“எதுக்கு என்னைத் தள்ளி ஒக்கார வெக்கிறீங்க? தீட்டா?” என்றார்.

அவர் உடம்பிலிருந்து இப்போது கதிர் வருகிறது, என் அளவோடு கலந்துவிடும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டு எழுந்து போனார். கழுத்தில் லேசான வீக்கம், போன மாதம் எடுத்த படத்தில் இடது பக்கம் மருந்து ஏறாத ஒரு கறுப்புப் புள்ளி, கெட்ட கட்டியோ என்ற சந்தேகம், வியாழக்கிழமை ஆபரேஷன், அதற்கு முன் இன்னொரு படம். இவ்வளவையும் நடந்துகொண்டே சொன்னார். “அறுத்தா பேச்சு போயிடுமான்னு டாக்டரக் கேட்டேன். பாத்துக்கலாம்ங்கறாரு. பேசாம என்னால இருக்க முடியாதுங்க.”

எல்லா இடத்திலும் ஒரே அளவு கதிர் வீசும் தட்டையான பலகை ஒன்று உண்டு. அதைக் கேமராவின் முகத்தில் வைத்துப் படம் எடுத்தால் திரை முழுக்க ஒரே சாம்பல் நிறம் தெரிய வேண்டும். இங்கே நடுவிலிருந்து சற்று இடப்பக்கம், திராட்சை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. கோளாறு முகப்பில் கதிரை வடிகட்டும் ஈயச் சல்லடையிலோ என்று அதைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். புள்ளி அப்படியே இருந்தது. உள்ளே ஒளியைப் பிடிக்கும் குழாய்களில் ஒன்று கெட்டிருந்தது.

டாக்டர் அசரவில்லை. அடுத்த மாதம் கம்பெனி ஆள் வருவார், போட்ட மருந்து வீணாகக் கூடாது, இவர் படத்தை முடித்துவிடலாம் என்றார். முடிப்போம் என்றேன்.

ராஜி சல்லடையை மாட்டி, அஞ்சலையை வழக்கமான இடத்தில் படுக்க வைத்தாள். வண்ணத்துப்பூச்சி வடிவில் தைராய்டு தெரிந்தது; இடது இறக்கையில் கறுப்பு. “பாத்தீங்களா?” என்றார் டாக்டர். கட்டிலை நான்கு விரற்கடை தள்ளச் சொன்னேன். வண்ணத்துப்பூச்சி நகர்ந்தது. புள்ளி நகரவில்லை. இடது இறக்கை முழுசாக இருந்தது.

அஞ்சலை எழுந்து வந்து இரண்டு படங்களையும் பார்த்தார். “அப்ப இது என்னோடது இல்லியா?”

“இல்லைங்க, மிஷினோடது. ஆனா வீக்கத்தை வேற எடத்துல காட்டணும்.”

இனிமேல் எல்லோரையும் கொஞ்சம் தள்ளிப் படுக்க வைத்தால் போயிற்று, கையெழுத்துப் போடுங்கள் என்றார் டாக்டர். போட்டேன். பழுது பார்க்கும்வரை இதில் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்று எழுதி, அதற்கு அடியில் போட்டேன். வேறு ஆளை வைத்துச் சான்று வாங்கிக்கொள்வேன் என்றார். தாராளமாக வாங்கட்டும், அந்த ஆள் கண்ணிலும் இதே புள்ளிதான் படும் என்றேன்.

சண்டை முடிந்தது என்று பையைத் தூக்கினேன். அஞ்சலை கிளம்பவில்லை.

“எனக்கு முன்னாடி படுத்தவங்களுக்கு யாரு சொல்றது?” என்று டாக்டரைக் கேட்டார்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று அவர் சொன்னதும், அஞ்சலை வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எனக்கு ஆபரேஷன் இல்லன்னு ஆயிடுச்சு. வேற வேல ஒண்ணும் இல்ல. இருக்கேன்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையைக் கீழே வைத்தேன். இன்றைக்கே எல்லோருக்கும் சொல்லாவிட்டால், இந்த மிஷின்களுக்கு அனுமதி தரும் மேலிடத்துக்கு நான் அனுப்பும் அறிக்கையில் அதுவும் இருக்கும் என்றேன். டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ராஜி அந்தக் கதவைப் பார்த்துவிட்டு, நோயாளிகள் பதிவேட்டைப் பிரித்துவைத்துத் தொலைபேசியை எடுத்தாள்.

முதல் ஆள் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு பெண். இரண்டு வார்த்தை பேசிவிட்டு ராஜி எங்கள் பக்கம் திரும்பினாள். “நாளைக்கிக் காலையில ஆபரேஷனாம்.”

அஞ்சலை எழுந்து போய்த் தொலைபேசியை வாங்கினார். “நான் அஞ்சலை பேசுறேன். அந்த மிஷின்லதான் நானும் படுத்தேன். எனக்குச் சொன்ன புள்ளி மிஷினோட புள்ளி. நாளைக்கிப் போவாத. வேற ஊருல ஒரு படம் எடுத்துப் பாத்துட்டு அப்பறம் போ.”

எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அஞ்சலை தொலைபேசியை ராஜியிடம் நீட்டினார்.

“அடுத்தவங்களுக்குப் போடு.”