ஏரல் பஜாரில் தியாகி பேசிய கடைசிக் கூட்டம்

அப்போது நான் ஏரலில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்து பஜாரில் கூட்டம் போட்டார்கள். பேச வந்தவர், வெள்ளைக்காரன் காலத்திலேயே மேடையில் பேசி ஜெயிலுக்குப் போன தியாகி. வயது தொண்ணூறை நெருங்கியும் குரல் தளரவில்லை.

பாதிப் பேச்சில் மணல் லாரி ஆட்கள் நாலைந்து பேர் இரும்புக் கம்பியோடு மேடையேறினார்கள். முதல் அடியில் மைக் நொறுங்கியது. அடுத்த அடி அவர் வாயில் விழுந்தது. நான் மேடைக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

"பேச்ச நிறுத்துலே கெழவா!" என்றான் ஒருவன்.

"வெள்ளக்காரன் அடிச்சே நிறுத்தல, நீ யாருலே?" என்று ரத்தம் தெறிக்கக் கத்தினார் பெரியவர்.

அந்தக் குரலைக் கேட்டு, சிதறி ஓடிய கூட்டம் கல்லோடு திரும்பியது. அடித்தவர்கள் ஓடிவிட, ஒருவன் மட்டும் சிக்கினான். அவன் மண்டை பிளந்து கிடந்தபோதுதான் நான் வெளியே வந்தேன். வந்து, அவன் நெஞ்சில் மிதித்தேன்.

பெரியவர் தவழ்ந்து வந்து அவன்மேல் கவிழ்ந்துகொண்டார். "போதும்வே, செத்துருவான்" என்றார். அதற்குள் என் அடுத்த மிதி அவர் முதுகில் விழுந்துவிட்டது.

கம்பி அடியில் உடைந்த பெரியவரின் தாடை கடைசிவரை சேரவில்லை. அவர் மறுபடி மேடையேறவில்லை. கோர்ட்டில் கம்பியால் அடித்தவர்களை அடையாளம் காட்டினேன். நான் மிதித்ததைச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.