போஸ்ட் ஆபீஸ் சிவப்பில் ஒரு டிராகன்

பத்து வயதில் எனக்குச் சொந்தமாக ஒரு சேனை இருந்தது. கோடாலி தூக்கிய குள்ளர்கள், கூம்புத் தொப்பி போட்ட மந்திரவாதி, வாள் பிடித்த எலும்புக்கூடுகள், மாட்டுத்தலையோடு ஒரு தடியன். எல்லாம் ஈயத்தில் வார்த்தவை. என் கட்டைவிரலைவிட உயரமானவன் ஒருவனும் கிடையாது. இன்று அந்த ரகப் பொம்மைகளைப் பழம்பொருள் என்று உலகம் முழுக்கத் தேடி வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு வண்ணம் தீட்டுகிறார்களாம். அன்றைய ராஜபாளையத்தில் அந்தக் காரியம் நடந்தது, எனக்குத் தெரிந்து, எங்கள் வீட்டில் மட்டும்தான்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்கு மூத்தவர் பெரியத்தா, இளையவர் சின்னத்தா. மூவருக்கும் சேர்த்துத் தென்காசி ரோட்டில் ஒரு பெயிண்ட் கடை. பெரியத்தா கல்லாவில் இருப்பார், அத்தா சரக்கு எடுக்க மதுரைக்கும் சிவகாசிக்கும் அலைவார், சின்னத்தா வாடிக்கையாளருக்கு ஷேடு கார்டை விரித்துக் காட்டுவார். கல்யாணம் ஆகாத சின்னத்தாவுக்கு இங்கிலாந்தில் ஒரு பேனா நண்பர் உண்டு. இருவரும் தபால்தலை மாற்றிக்கொள்வார்கள். ஒருமுறை அந்த நண்பர் தபால்தலைக்குப் பதிலாக ஒரு ஈயக் குள்ளனை அனுப்பி, இதற்கு வண்ணம் பூசிப் பார், அப்புறம் உன்னால் விடவே முடியாது என்று எழுதியிருந்தார். மனிதர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

கடையில் காலியான டப்பாக்களின் அடியில் ஒட்டியிருக்கும் எனாமலே எங்களுக்குப் போதும். சைன்போர்டு எழுதுபவர்கள் வாங்கும் ஆகச்சிறிய பிரஷ்ஷைப் பிளேடால் சீவிச் சீவி, நாலைந்து முடி மட்டும் மிஞ்சும்படி சின்னத்தா ஆக்கியிருந்தார். முதலில் சாம்பல் நிறப் பிரைமர், அது காய்ந்த பிறகு கலர். குள்ளனின் தாடியில் வெள்ளை ஏறியதும் அவன் சட்டென்று கிழவனாகி எங்களைப் பார்த்தானே, அந்த நொடியில் நான் கைதட்டிக் குதித்ததில் டர்பன்டைன் பாட்டில் கவிழ்ந்தது. வாசனை பிடித்துக்கொண்டு பெரியத்தா வந்துவிட்டார்.

பெரியத்தா தொழுகை தவறாதவர், பொய் சொல்லாதவர். உருவப் பொம்மை இருக்கும் வீட்டுக்குள் மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்பதில் உறுதியானவர். எங்கள் வீட்டில் காலண்டரில்கூடப் படம் கிடையாது. சின்னப்பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு மட்டும் விலக்கு உண்டு என்பார்.

"ஏலே, யாருதுலே இது?" என்றார்.

சின்னத்தா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். "புள்ளையோடது."

பெரியத்தா என்னையும் குள்ளனையும் மாறி மாறிப் பார்த்தார். "புள்ள வெளையாடுத வரைக்கும் கெடந்துட்டுப் போவுது. அவ வளந்து பெரிய புள்ளயாயிட்டா, அம்புட்டும் காயலாங்கடைக்குப் போயிரணும். சொல்லிட்டேன்."

இதில் முதல் பாதி மட்டும்தான் என் காதில் ஏறியது. பொம்மை என்னுடையது. பெரியத்தாவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் முதலாளி ஆகிவிட்டேன். எந்தக் கலர் என்பதை நான்தான் முடிவு செய்வேன். சின்னத்தா பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு, "மொதலாளி, இவனுக்குச் சட்டை என்ன கலருங்க?" என்று பவ்வியமாகக் கேட்பார். மந்திரவாதி நீள அங்கியும் கைத்தடியுமாக நின்றதால் அவரை நான் தெருவில் பாடிக் காணிக்கை வாங்க வரும் பக்கிர்ஷா என்று முடிவு கட்டி, பச்சை அங்கி போடச் சொன்னேன். இங்கிலாந்து ஆட்களின் தோல் நிறம் இருவருக்குமே தெரியாததால் கோல்டன் பிரவுனில் கொஞ்சம் வெள்ளை கலந்து பூசினோம். குள்ளர்கள் எல்லாரும் எங்கள் பஜார் ஆட்கள் போலவே ஆகிவிட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் பெரிய பார்சல் வந்தது. உள்ளே வைக்கோல், வைக்கோலுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் உடம்பு தனி, றெக்கைகள் தனியாக ஒரு மிருகம். சின்னத்தா அதை இரண்டு கையாலும் ஏந்தினார். "டிராகன்" என்றார். வாயிலிருந்து நெருப்புக் கக்குமாம், வானத்தில் பறக்குமாம். எனக்கு அது றெக்கை முளைத்த உடும்பாகத்தான் தெரிந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் ஒருமுறை உடும்பைப் பார்த்து நான் அலறியிருக்கிறேன். அது பறக்கவும் செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் உள்ளங்கை நிறைய இருந்தது அது. வாலைச் சுருட்டி, ஒரு பாறைமேல் வயிற்றை அழுத்திக் குந்தியிருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கலரில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. பச்சைதான் முறை என்றார் சின்னத்தா. பச்சை பக்கிர்ஷாவுக்குக் கொடுத்தாயிற்று என்றேன் நான். ஷேடு கார்டை மடியில் விரித்து ஒவ்வொரு கட்டமாக விரலை ஓட்டி, கடைசியில் போஸ்ட் ஆபீஸ் ரெட் என்பதில் நிறுத்தினேன். தபால்பெட்டிக்கு அடிக்கும் அதே சிவப்பு. அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், முதலாளி மசியவில்லை. தபாலில் வந்ததுதானே என்று அவரே தன்னைச் சமாதானம் செய்துகொண்டு டப்பாவைத் திறந்தார்.

சிவப்பு இறுகக் காயும்வரை நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. காய்ந்த பிறகு கறுப்பை டர்பன்டைனில் தண்ணீர் மாதிரி கரைத்து உடம்பு முழுக்க ஓடவிட்டுத் துணியால் துடைத்தார். செதில்களின் இடுக்கில் மட்டும் கறுப்பு தங்கியது. பிறகு பிரஷ்ஷைத் தங்கக் கலரில் தொட்டு, காகிதத்தில் அநேகமாக எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மிச்சம் இருந்ததை முதுகின்மேல் லேசாக இழுத்தார். அப்படியே ஒவ்வொரு செதிலாக எழுந்து நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈயத்துக்கு உயிர் வந்துவிட்டது. கத்தக்கூட மறந்து, சின்னத்தாவின் தோளை இறுகக் கவ்விக்கொண்டு நின்றேன். றெக்கைக்கு மஞ்சள், கண்ணுக்கு ஒரு பொட்டு வெள்ளை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் டிராகன் தயார். கூடத்து ஜன்னலில் வெயில் படும்படி வைத்தோம்.

அதே கோடையில் எனக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்திருந்தது. ஜூன் மாதம் பெரிய பள்ளிக்கூடம், ஆறாம் வகுப்பு, இரட்டை ஜடை. தெருவில் யாரைப் பார்த்தாலும் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் சின்னத்தா மட்டும், "மெல்லச் சொல்லேன்மா, எதுக்கு இம்புட்டு அவசரம்?" என்பார். அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பெரியத்தா தனியாக வரவில்லை. கூடவே அவருடைய மாமனார், கையில் பால்கோவா பொட்டலத்தோடு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். பெரியத்தாவைக் கண்டு நாங்கள் நடுங்குவோம், மாமனாரைக் கண்டு பெரியத்தா நடுங்குவார். வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே ஜன்னலைப் பார்த்துவிட்டார். டிராகன் வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்தது.

"என்ன மாப்ள இது, வீட்டுக்குள்ள உருவம்?"

"புள்ள வெளையாடுதது மாமா" என்றார் பெரியத்தா.

மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வயதுக்கு மீறிய உயரம் எனக்கு. "இந்தப் புள்ளையா? இம்புட்டு பெரிய புள்ளைக்கா பொம்ம?"

என்னை முதன்முதலாக ஒரு பெரிய மனிதர் பெரிய புள்ள என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆமா, நான் ஆறாப்புப் போறேன்" என்றேன். "பொம்ம வச்செல்லாம் வெளையாட மாட்டேன். பெயிண்ட்தான் அடிப்போம், நானும் சின்னத்தாவும்."

கதவோரம் நின்ற சின்னத்தாவின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தது. என் சேனை முழுவதும் காயலான்கடை வாசலில் நின்றது அவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

பெரியத்தா தொண்டையைச் செருமினார். "அவ கெடக்கா மாமா. உசரந்தான் வளந்திருக்கா. இன்னும் சோறு ஊட்டுனாத்தான் திங்கா."

"பொய்" என்றேன்.

"படுக்கையில மோளுறா."

நான் பதறிப்போய்ச் சின்னத்தாவைப் பார்த்தேன். பெரியத்தா மாமனாரைப் பார்த்தபடி தொடர்ந்தார். "பூனயக் கண்டா அழுவா. ஒரு வெவரமும் கெடையாது, சின்னப்புள்ள." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, எடு அத. வெளையாடு."

"பெயிண்ட் காயல பெரியத்தா."

"வெளையாடுட்டி."

அந்தக் குரலை மீறி யாரும் எதுவும் செய்ததில்லை. ஈர டிராகனைக் கையில் எடுத்தேன். கூடத்தைச் சுற்றிப் பறக்கவிட்டேன். வெறுமனே பறக்கவிட்டால் போதாது என்று, "சத்தம் போட்டு" என்றார். "உஸ், உஸ்" என்று நெருப்புக் கக்கிக்கொண்டே, ஆத்திரத்தில் கண்ணீர் வழிய, தூணைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மஞ்சளும் தங்கமும் விரலெல்லாம் ஒட்டின. மூக்கைத் துடைத்ததில் முகத்திலும் ஏறிவிட்டது. மாமனார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், வெவரமில்லாத புள்ளதான்" என்றார் கடைசியில். "வெளையாடட்டும்." பிறகு பால்கோவாவைப் பிரித்து, ஊட்டிவிடவேண்டிய குழந்தைதானே என்று, என் வாயில் அவரே ஒரு விள்ளல் வைத்தார். அப்படிப்பட்ட பால்கோவாகூட எனக்கு அன்று கசந்தது.

அவர் பஸ் ஏறிப் போனதும் சின்னத்தா அடுப்படியில் போய்ச் சுவரில் சாய்ந்து சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. றெக்கையில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து காய்ந்துவிட்டது. மேலே இன்னொரு கை மஞ்சள் பூசச் சொன்னேன், முதல்முறையாக முதலாளியின் பேச்சை அவர் கேட்கவில்லை.

பெரியத்தாவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு பொய்கூடச் சொல்லாதவர் என்று ஊரே சொல்லும் மனிதர், வந்த விருந்தாளி முன்னால் என்னைப் பற்றி மட்டும் வரிசையாகப் பொய் சொல்கிறார் என்றால், அவருக்கு என்னை அடியோடு பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? மறுநாள் காலை முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டே திரிந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்றார்.

"ஏட்டி, அந்த உடும்புக்கு வாலுக்கு அடியில ஒரு எடத்துல சாம்பக் கலராத் தெரியுது. பிரஷ்ஷே படல. ஒரு வேலயச் செஞ்சா முழுசாச் செய்யணும்."

போய்ப் பார்த்தேன். உண்மைதான், எள்ளளவுக்குப் பிரைமர் தெரிந்தது. நேற்று அத்தனை அவமானப்படுத்தியது போதாதென்று இன்றைக்குக் குறை வேறு சொல்லிவிட்டுப் போகிறாரே என்று எனக்குப் பொங்கிப் பொங்கி வந்தது. சுருண்ட வாலுக்கு அடியில் இருக்கும் அந்த இடம், பொம்மையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும் என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை.