செடிமேல் உட்கார்ந்து வந்தவர்

விதுரா, 1997. பொன்முடியிலிருந்து இறங்கும் பஸ் சாயாவுக்கு நிற்கிறது. நான் எழப் போகிறேன். பக்கத்து இருக்கை அம்மாள் என் தோளைப் பிடித்து அமுக்குகிறார்.

"ஏந்துக்கப்படாது, கேட்டேளா! செடி சுருங்கிடும்."

ஏறியதும் மடித்த செய்தித்தாளைப் போட்டு என்னை உட்காரச் சொன்னவர் இவர்தான். இருக்கை ஈரம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

தாவரவியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். கல்லூரிப் பெண்களை முதன்முதலில் இந்த மலைக்கு ஏற்றிச் செடி பார்க்க வைத்ததும் இவர்தானாம். செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்திருக்கும் செடியைத் தட்டையாக்க என் உடம்பு ரொம்பத் தோது என்கிறார்.

கண்டக்டர் சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக எனக்குச் சாயா நீட்டுகிறார்.

"போன தடவை யார் மாட்டினது?" என்று அம்மாளிடம் கேட்கிறார்.

"ரோடு இஞ்சினியர். ரோட்டை அகலமாக்கணும்னு, இந்தச் செடி மலையிலேயே கிடையாதுன்னு எழுதிக் குடுத்தவர். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதுமேலதான் உக்காந்துண்டு வந்தார்."