ஏலக்கொட்டகையில் ஒதுங்கியவர்

எங்கள் குப்பத்தில் மீன் ஏலம் விடும் கொட்டகையில் ஒரு மனிதர் வந்து படுத்துக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டால் எதிரே கிடக்கும் ஏரியைக் காட்டுவார். விடிந்ததும் எழுந்து, ஏலத்துக்கு முன்பே தரையைக் கழுவிவிட்டு, ஓரமாக உட்கார்ந்திருப்பார். சில நாள் பொறுத்த ஊர், அவரை ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரி ரயில் நிலையத்தில் இறக்கிவிட முடிவு செய்தது.

அந்த வாரம்தான் என் மகன் அமெரிக்காவிலிருந்து போனில் ஒன்றைச் சொல்லியிருந்தான். போன குளிர்காலத்தில் வேலை போய், அறையும் போய், காரிலேயே படுத்திருக்கிறான். "சாப்பிட்டேம்மா" என்று எனக்கு மெசேஜ் அனுப்பியதெல்லாம் அந்தக் காரிலிருந்துதான். பாலத்தடியில் கூடாரம் போட்டிருந்தவர்களின் துணிமணிகளை நகராட்சி லாரி அள்ளிப்போனதைக் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறான். துணி துவைக்கும் கடைக்காரி ஒருத்தி மட்டும் அவனை உள்ளே உட்காரச் சொல்லி, எதுவும் விசாரிக்காமல் சூடாகக் குடிக்கக் கொடுத்திருக்கிறாள்.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. பள்ளியில் பாடம் நடத்தும் நானும் அதுவரை பேசியதில்லை. அந்த மனிதரை அனுப்புவது பற்றிக் கூடிய அன்று போய் நடுவில் நின்றேன்.

"இன்னா டீச்சரு, வழி தவறி வந்துட்டியா?" ஊர் ஆண்கள் சிரித்தார்கள்.

"போன மாசம் காத்துல ஒதுங்குச்சே ஒரு படகு, எந்த ஊருன்னு கேட்டுட்டா இழுத்துப் போட்டீங்க?"

காற்றில் ஒதுங்கும் படகைக் கரையேற்றி, அதன் ஆட்களுக்குச் சோறு போட்டு, காற்று மாறும்வரை வைத்துக்கொள்வது எங்கள் கரை வழக்கம். அதை இல்லையென்று சொல்ல அங்கே ஆளில்லை.

"அது படகும்மா," என்றார் ஊர்த்தலைவர். "காத்து மாறினா கெளம்பிடும். இந்தாளு?"

"இவருக்குக் காத்து இன்னும் மாறல."

"அப்ப உன் ஊட்ல வெச்சுக்கோ அண்ணி!" பின்னாலிருந்து கத்தினான் என் கொழுந்தன்.

"வெச்சுக்குவேன் நைனா. ஆனா படகை ஒருத்தர் ஊட்லயா இழுத்துப் போடுறோம்? ஊருக் கரையிலதானே?"

கூட்டம் கலைந்தது. முடிவு செய்தபடியே ஆட்டோ வந்தது. நான் கொட்டகைக்குப் போய் அந்த மனிதர் பக்கத்தில், ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏத்துறதுன்னா ரெண்டு பேரையும் ஏத்துங்க."

ஆட்டோ காலியாகத் திரும்பியது. தலைவர் என்னோடு இன்னும் பேசுவதில்லை. கொழுந்தன் மட்டும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான்: "இன்னா அண்ணி, காத்து மாறிடுச்சா?"

"இன்னும் இல்ல," என்று சொல்லிவிட்டு, சோற்றுப் பாத்திரத்தோடு கொட்டகைக்கு நடக்கிறேன்.